பனங்கருக்கு வெளிச்சம்

நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர். சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள் நுனிகூட இதைவிட வேகமாக நகரும். நம் உடலின் வேகமான நரம்புகளில் செய்தி ஒரு மீட்டரைக் கடக்க நூறில் ஒரு பங்கு நொடி போதும். இந்த மூன்று மில்லிமீட்டர்க்காரனுக்கு அதே தூரத்தைக் கடக்க ஐந்தரை மணி நேரம் வேண்டும். மூளைக்குள் இவ்வளவு சோம்பேறியாக நகரும் ஒன்று இருக்கிறது என்பதே முதலில் நம்பும்படியாக இல்லை. ஆனால் இருக்கிறது. உலகில் கோடிக்கணக்கானவர்கள் அது நகர்வதைத் தங்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வலிக்கு முன்னால் ஒரு காட்சி வரும். மருத்துவத்தில் அதை ஆரா என்கிறார்கள். பார்வையில் ஒரு சிறு ஓட்டை விழும், அதன் ஓரத்தில் பல் பல்லாக ஒளிக்கோடுகள் மின்னும், அந்த வளைவு விரிந்துகொண்டே ஓரத்துக்குப் போய் மறையும். பிறகு தலைவலி. சிலருக்கு விரல் நுனியிலிருந்து மரத்துப்போதல் மேலேறி முகம் வரை வரும். சிலருக்குப் பேச்சு குழறும். இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின. அந்த வரலாற்றில் எனக்கு ஆர்வம் வந்ததற்கு என் தலைவலி பாதிக் காரணம். மீதிக் காரணம் தொண்டியில் இருக்கும் என் அப்பத்தா.

வானியலாளர்கள் வரைந்த மதில்

1824இல் வில்லியம் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தவர். அவருக்கு ஒருநாள் திடீரென்று எதைப் பார்த்தாலும் பாதிதான் தெரிந்தது. ஒரு வீட்டு வாசலில் ‘ஜான்சன்’ என்று எழுதியிருந்ததை வாசிக்கப் பார்த்தார், ‘சன்’ மட்டும்தான் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வேறு யாராவது என்றால் கண்ணைக் கசக்கிவிட்டுப் போயிருப்பார்கள். வொல்லஸ்டன் ஒன்றைக் கவனித்தார்: எந்தக் கண்ணால் பார்த்தாலும் அதே இடது பாதிதான் காணாமல் போகிறது. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பழுதாக வாய்ப்பில்லை. அப்படியென்றால் இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்பிழைகளில் பாதி பாதி மூளையின் ஒரே பக்கத்துக்குப் போகவேண்டும், பழுது கண்ணுக்குப் பின்னால் இருக்கவேண்டும். பாதி பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு மூளையின் வயரிங்கைச் சொல்லிவிட்டார்.

அடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்த்துப் பழகியவர்கள். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1858இல் லீட்ஸ் நகரத்தில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில், கண்ணை மூடினாலும் தனக்குத் தெரியும் கோட்டை மதில் போன்ற வடிவங்களைப் பற்றிப் பேசினார். 1865இல் பிரிட்டனின் அரச வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏரி தன் அனுபவத்தைப் படத்தோடு வெளியிட்டார்.

ஏரிக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோட்டை அளந்து லாம்ப்டன் தொடங்கிய நில அளவைதான் பிறகு இமயமலை வரை போனது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அவருடைய தியோடலைட் கருவி மோதி உடைந்த கதையைச் சிலர் படித்திருப்பீர்கள், அதே அளவைதான். வடக்கே போனபோது கணக்கு இடித்தது. அவ்வளவு பெரிய இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கவேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. ஏன் என்று 1855இல் விளக்கம் சொன்னவர்களில் ஒருவர் இந்த ஏரி. மலைகளுக்குக் கீழே எடை குறைந்த வேர்கள் ஆழமாக இறங்கியிருக்கின்றன என்றார். இந்தியாவுக்கு வராமலே, எண்களில் இருந்த சிறு பிசகை வைத்து மண்ணுக்குள் இருப்பதைச் சொன்ன மனிதர். அந்த மனிதருக்குத் தன் தலைக்குள் நகரும் ஒன்றையும் அளக்காமல் இருக்க முடியவில்லை.

அவருடைய மகன் ஹ்யூபர்ட் ஏரி மருத்துவர். அவருக்கும் இதே காட்சி 1854 முதல் வந்துகொண்டிருந்தது. 1870இல் ராயல் சொசைட்டியில் அவர் வெளியிட்ட வரைபடங்களை இன்றும் மருத்துவப் புத்தகங்களில் பார்க்கலாம். பார்வையின் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி, அது சில நிமிடங்களில் பிறையாகி விரிந்து, கொத்தளங்கள் வைத்த நகர மதில் மாதிரி ஆகிறது. கொதிப்பது போன்ற நடுக்கம், விளிம்பில் வண்ணங்கள் என்று எல்லாவற்றையும் குறித்தார். மதில் என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு ‘டைகாப்ஸியா’ என்று பெயரும் வைத்தார். தமிழில் மதிற்காட்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

தொண்டியில் அதற்குப் பெயர்

சங்கப் பாடல்களில் அதிகம் வருகிற தொண்டி சேரநாட்டு மேற்குக் கரையில் இருந்தது. எங்கள் தொண்டி பாண்டிய நாட்டுக் கிழக்குக் கரை, பாக் நீரிணை. திருவாடானை தாலுகா, ராமநாதபுரம் மாவட்டம். இங்கே கடல் ஆழமில்லாதது, பெரும்பாலான நாட்களில் அலையும் பெரிதாக இருக்காது. காலையில் சூரியன் நேர் முகத்துக்கு எழும்பும். தட்டையாகக் கிடக்கும் தண்ணீர் அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். கண்ணாடியைச் சாய்த்து யாரோ முகத்தில் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். அந்த வெயிலில்தான் அப்பத்தா நாற்பது வருஷம் கருவாடு காயப்போட்டது.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அப்பத்தா வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இருட்டு மூலையில் படுத்துவிடும். சுக்கை உரசி நெற்றியில் பத்துப் போட்டிருக்கும். யாரும் பேசக்கூடாது. பாத்திரம் உருளக்கூடாது. வாந்தி எடுத்த பிறகு தூங்கும், எழுந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். காற்று கருப்பு அண்டியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டதும், பள்ளிவாசல் வாசலில் சாயங்காலத் தொழுகை முடித்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச்சொல்லிக் கூட்டிப்போனதும் உண்டு. அப்பாவின் அத்தைமார் வேறொரு காரணம் சொன்னார்கள்: வேலைக்குப் பயந்து நடிக்கிறாள். இளவயதில் அப்பத்தாவுக்கு வலியைவிட இதுதான் பெரிய துன்பமாக இருந்திருக்கிறது.

எனக்கு இருபத்தேழு வயதில் முதல்முறை வந்தது. சென்னையில், அலுவலகத்தில், திரையில் இருந்த கோடு வரிகளில் வலது பாதி இல்லை. மானிட்டர் கெட்டுவிட்டது என்று கேபிளை ஆட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரின் முகத்திலும் பாதி இல்லாதபோதுதான் இது மானிட்டர் விஷயம் இல்லை என்று புரிந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் சொன்னேன். திடுக்கிடவெல்லாம் இல்லை. “ஒனக்கும் பனங்கருக்கு வந்துருச்சாய்யா?” என்றது.

பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும், அதுதான் கருக்கு. பனை நிறைந்த ராமநாதபுரச் சீமையில் கையைக் கிழித்துக்கொள்ளாத பிள்ளை இருக்காது. ஏரி கோட்டை மதிலைக் கண்ட இடத்தில் அப்பத்தா கண்டது கருக்கு. நான் போனை எடுத்துப் பதிவு செய்துகொண்டே கேட்டேன்.

“மொதல்ல எங்கன தெரியும் அப்பத்தா?”

“கண்ணுக்கு நேரா இருக்காதுய்யா. செத்த ஒதுக்கமா ஒரு புள்ளி. சட்டியில எண்ணெ காஞ்சா மேல ஒரு அசைவு தெரியும்ல, அது கணக்கா. அப்பறம் அதுலருந்து கருக்கு மொளைக்கும். வளைஞ்சுக்கிட்டே பெருசாகும்.”

“எந்தக் கண்ணுல?”

“இந்தக் கண்ணப் பொத்துனாலும் தெரியும், அந்தக் கண்ணப் பொத்துனாலும் தெரியும். ரெண்டையும் மூடுனாலும் தெரியும். பின்ன அது கண்ணுலயா இருக்கு? மண்டைக்குள்ளல்ல இருக்கு.”

“எவ்வளவு நேரம் இருக்கும்?”

“ஒலையில அரிசி போட்டா சோறு பதத்துக்கு வர்ற நேரம். வடிக்கையில அது ஓரத்துக்குப் போயிரும். வடிச்சு நிமித்துறதுக்குள்ள தலவலி வந்துரும்.”

அந்த ஒலிப்பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்து, பழுது கண்ணில் இல்லை என்று முடிவுக்கு வருவது வொல்லஸ்டனின் வாதம். புள்ளியில் தொடங்கி வளைந்து பெருசாவது ஹ்யூபர்ட் ஏரியின் படம். சோறு வேகும் நேரம் என்பதற்குள் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது, அதற்கு இன்னும் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

முயல் மூளையில் விழுந்த அமைதி

1873இல் எட்வர்ட் லிவீங் என்ற மருத்துவர் மைக்ரேன் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். இது மூளைக்குள் எழும் ‘நரம்புப் புயல்’ என்றார். அதே காலத்தில் இன்னொரு கட்சியும் இருந்தது: ரத்தக் குழாய் சுருங்குவதால் காட்சி, பிறகு விரிவதால் வலி. இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க் மருத்துவர் ஹெரால்ட் வுல்ஃப் குழாய்க் கட்சிக்கு வலு சேர்த்தார். 1938இல் அவரும் கிரஹாமும், எர்கோட்டமின் கொடுத்தால் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பும் வலியும் சேர்ந்து குறைவதை அளந்து காட்டினார்கள். கருவியில் தெரிகிற கோட்டுக்கு முன்னால் ‘புயல்’ வெறும் உவமையாகத் தெரிந்தது. குழாய்க் கொள்கை பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது.

இதுல ஒரு வேடிக்கை, சரியான விடையின் இரண்டு துண்டுகளும் அப்போதே கிடைத்துவிட்டன என்பது. முதல் துண்டு 1941. ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் கார்ல் லாஷ்லிக்கு ஆரா வரும். வரும்போதெல்லாம் தாளை எடுத்து வளைவின் இடத்தை நேரத்தோடு குறித்தார். பார்வைப் புலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூளையின் பின்பகுதியில், பார்வைப் புறணியில், ஓர் இடம் உண்டு. வெளியே தெரியும் வளைவின் பயணத்தை உள்ளே இருக்கும் வரைபடத்துக்கு மாற்றினால் வேகம் கிடைக்கும். கிடைத்தது: நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. முன்னால் ஒரு கிளர்ச்சி அலை போகிறது, பின்னால் செயலற்ற பகுதி தொடர்கிறது என்று ஊகித்தார்.

இரண்டாம் துண்டு 1944. அதே ஹார்வர்டில் பிரேசிலிலிருந்து வந்த அரிஸ்டிடிஸ் லியாவ் என்ற இளைஞர் முனைவர் பட்டத்துக்காக வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். முயலின் மூளைப் புறணியைத் தூண்டி, வலிப்பின் மின்புயல் பரவுவதைப் பதிவு செய்ய நினைத்தார். நடந்தது நேர்மாறு. தூண்டிய இடத்தில் மின்னோட்டப் பதிவு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அடுத்த மின்முனையும் அடங்கியது. பிறகு அதற்கடுத்தது. ஓர் அமைதி மெதுவாக மூளை மேல் நடந்துபோனது, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி திரும்பின. இதற்கு ‘ஸ்ப்ரெடிங் டிப்ரெஷன்’ என்று பெயர் வைத்தார். இங்கே டிப்ரெஷன் மனச்சோர்வு இல்லை, மின்செயல்பாடு அடங்குவது. படரும் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

லியாவும் மாரிசனும் 1945 கட்டுரையிலேயே மைக்ரேனோடு இதற்குத் தொடர்பிருக்கலாம் என்று தொட்டுக்காட்டினார்கள். ஆனால் லாஷ்லியின் வேகத்தையும் லியாவின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுதானோ என்று பீட்டர் மில்னர் ஒரு சிறு குறிப்பு எழுத 1958 ஆனது. அப்போதும் பெரிதாக யாரும் அசையவில்லை. முயலுக்குத் தலைவலியா என்று யார் கேட்பது?

மனித மூளையில் தடயம் கிடைத்தது 1981இல். கோபன்ஹேகனில் யெஸ் ஓலஸன், மார்ட்டின் லாரிட்சன் குழுவினர் கதிரியக்க செனான் கொண்டு ஆராவின்போது ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். ரத்த ஓட்டம் குறைந்த பகுதி ஒன்று மூளையின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகப் படர்ந்தது. ரத்தக் குழாய்களின் எல்லை எதையும் அது மதிக்கவில்லை. குழாய் அடைப்பு என்றால் அந்தக் குழாய் ஊட்டும் பகுதி மட்டும்தான் பாதிக்கப்படவேண்டும். இதுவோ புறணியின் பரப்பில் அலையாகப் போனது. 2001இல் பாஸ்டனில் நூஷின் ஹட்ஜிகானி குழு, கூடைப்பந்து ஆடினால் ஆரா வரும் ஒருவரை வரவழைத்து, ஆடவிட்டு, எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்தது. பார்வைப் புறணியில் நகர்ந்த மாற்றத்தின் வேகம் நிமிடத்துக்கு சுமார் 3.5 மி.மீ. லாஷ்லி தாளிலும் பென்சிலிலும் கண்ட எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இப்போது அப்பத்தாவின் சோற்றுக்கு வருவோம். பார்வையின் நடுப்பகுதிக்கான இடத்திலிருந்து ஓரப்பகுதிக்கான இடம் வரை பார்வைப் புறணியின் நீளம், மடிப்புகளை விரித்தால், தோராயமாக ஆறு சென்டிமீட்டர். சோறு வேக இருபது நிமிடம். அறுபதை இருபதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

தெருத் தெருவாகக் கரண்ட் போவது

சரி, அந்த அலைக்குள் என்ன நடக்கிறது? நரம்புச் செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. சோடியம் நேர்மாறாக. இந்த ஏற்றத்தாழ்வுதான் செல்லின் பேட்டரி. இதைக் காப்பாற்ற சோடியம்–பொட்டாசியம் பம்ப் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் செல்கள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தால் பொட்டாசியம் வெளியே கொட்டும். சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் உறிஞ்சி எடுத்துவிடும் வரை பிரச்சினை இல்லை. ஒரு வரம்பைத் தாண்டினால், வெளியே இருக்கும் அந்தப் பொட்டாசியமே பக்கத்துச் செல்லையும் கிளறிவிடும். அதுவும் பொட்டாசியத்தைக் கொட்டும், குளுட்டமேட்டையும் கொட்டும். செல்லுக்கு வெளியே பொட்டாசியம் வழக்கத்தைவிடப் பத்து மடங்கும் அதற்கு மேலும் ஏறும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும். பேட்டரி தீர்ந்த செல் ஒரு துடிப்பு துடித்துவிட்டு அடங்கிவிடும்.

என் தொழிலில் இதற்குச் சமமான ஒன்று உண்டு. ஒரு சர்வர் பாரம் தாங்காமல் விழுந்தால் அதன் வேலை பக்கத்துச் சர்வர் மேல் விழும், அதுவும் படுக்கும், இப்படியே வரிசையாக. ஊர் உவமை வேண்டுமென்றால், ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தெருத் தெருவாகக் கரண்ட் போவது. ஒவ்வொரு தெருவிலும் விளக்கு அணைவதற்கு முன் ஒரு நொடி பளீரென்று எரியும். அந்தப் பளீர்தான் கருக்கு, பின்னால் வரும் இருட்டுதான் பாதி மறைந்த முகம். பொருள் கசிந்து பரவிப் பக்கத்துச் செல்லைத் தொடவேண்டியிருப்பதால்தான் இவ்வளவு மெது. நரம்பு இழையில் ஓடும் செய்திக்கு ரோடு இருக்கிறது, இது வரப்பில் ஊறும் தண்ணீர். பம்ப்கள் மெல்ல மெல்ல இறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பெரும்பாலும் தழும்பே இல்லாமல்.

ஏன் சிலருக்கு மட்டும் அந்த வரம்பு தாழ்வாக இருக்கிறது? உடலின் ஒரு பக்கமே செயலிழக்கும் அரிதான குடும்ப வகை மைக்ரேன் ஒன்று இங்கே வழி காட்டியது. 1996இல் அதற்கான முதல் மரபணு கிடைத்தது, கால்சியம் வாயில் ஒன்றின் மரபணு. 2003இல் இரண்டாவது, அந்தப் பம்பின் மரபணு. 2005இல் மூன்றாவது, சோடியம் வாயிலினுடையது. மூன்றும் குளுட்டமேட், பொட்டாசியத்தின் வரவுசெலவைத் தொடுபவை. கால்சியம் வாயில் மரபணுவை மாற்றிய எலிகளில் படரும் அடக்கம் எளிதாகத் தொடங்கியது, வேகமாகவும் போனது. எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பங்களில் ஒற்றை மரபணுவின் கதை கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வரம்பைத் தாழ்த்துகின்றன. அதற்கு மேல் பசி, தூக்கக் கேடு, மாதவிடாய்க் கால ஹார்மோன் மாற்றம், கண்ணைக் குத்தும் வெளிச்சம்.

ஏன் பல் பல்லாக?

கருக்கு வடிவம் எங்கிருந்து வருகிறது? 1950களின் கடைசியில் ஹ்யூபலும் வீஸலும் பூனையின் பார்வைப் புறணியில் ஒன்றைக் கண்டார்கள்: அங்கே உள்ள செல்கள் குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோடுகளுக்கு மட்டும் பதில் சொல்லும். ஒரு கூட்டம் நெட்டுக்கோட்டுக்கு, பக்கத்துக் கூட்டம் சற்றுச் சாய்ந்த கோட்டுக்கு. 1981இல் நோபல் பரிசு பெற்ற வேலை. அலை இந்தக் கூட்டங்களைக் கடக்கும்போது ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த கோட்டையே கத்துகிறது. வெளியே கோடு இல்லை, ஆனாலும் கோடு தெரிகிறது. சாய்வு மாறி மாறி வரும் குறுங்கோடுகள் சேர்ந்தால் ரம்பப்பல். கருக்கு என்பது நம் பார்வைப் புறணியின் சொந்தத் தையல்.

வளைவு ஓரத்துக்குப் போகப் போகப் பெரிதாகி வேகமெடுப்பதற்கும் காரணம் எளிது. மூளை பார்வையின் நடுப்பகுதிக்கு நிறைய இடம் ஒதுக்குகிறது, ஓரத்துக்குக் கொஞ்சம்தான். அலை உள்ளே ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போகிறது. நடுவில் மூன்று மில்லிமீட்டர் என்பது ஒரு எழுத்தின் அகலம் என்றால், ஓரத்தில் அதே மூன்று மில்லிமீட்டர் ஒரு கதவின் அகலம். அலை நெற்றிக்குப் போகாமல் தொடுவுணர்ச்சிப் பகுதிக்கு நகர்ந்தால் கை மரத்துப்போகும், மொழிப் பகுதியைத் தொட்டால் வார்த்தை வராது. எனக்கு ஒருமுறை ‘சாவி’ என்ற சொல் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வலி எங்கிருந்து?

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியிருக்கும் உறைக்குத் தெரியும், அங்கே முகத்தின் ட்ரைஜெமினல் நரம்பு கிளை விட்டிருக்கிறது. 2002இல் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் ஆய்வகம் விலங்குகளில் படரும் அடக்கமே இந்த நரம்பைத் தூண்டிவிட முடியும் என்று காட்டியது. தூண்டப்பட்ட நரம்பு சிஜிஆர்பி என்ற சிறு புரதத்தை விடுகிறது. மைக்ரேன் வந்தவர்களின் கழுத்துச் சிரை ரத்தத்தில் அது கூடியிருப்பதை கோட்ஸ்பியும் எட்வின்சனும் 1990இல் கண்டிருந்தார்கள். அதைத் தடுக்கும் மருந்துகள் 2018 முதல் சந்தைக்கு வந்தன. 2021இல் இந்த மூவரும் ஓலஸனும் பிரெயின் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2024இல் டென்மார்க்கிலிருந்து இன்னொரு ஆய்வு: எலிகளில் அந்த அலை மூளைத் தண்டுவட நீரில் கலக்கும் பொருட்களை மாற்றுகிறது, அந்த நீர் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சை நேராகப் போய்த் தொடுகிறது. காட்சிக்கும் வலிக்கும் நடுவே ஏன் இடைவெளி என்பதற்கு இது ஒரு விடை. வடித்து நிமிர்த்துவதற்கான அந்த நேரம்.

யார் சொன்னால் தரவு?

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நீண்ட காலம் ஆரா ஆராய்ச்சிக்கு இருந்த முக்கியமான கருவி, பார்த்தவரின் வாய்ச்சொல். வொல்லஸ்டன், ஹெர்ஷல், ஏரி, லாஷ்லி எல்லோருமே தங்கள் தலைக்குள் நடந்ததைத்தான் சொன்னார்கள். சொன்னவர்கள் ராயல் சொசைட்டி ஆட்கள் என்பதால் அது தரவு. அதையே கருவாட்டுக் களத்தில் ஒரு பெண் சொன்னால் காற்று கருப்பு, இல்லையென்றால் நடிப்பு.

நம் பெண்கள் சொல்லிச் சொல்லி யாரும் காதில் வாங்காத இன்னொன்றும் உண்டு: “தலைக்குக் குளிச்சா தலவலி வருது.” வீட்டில் இதற்கு ‘நீர் கோத்துக்கிச்சு’ என்பார்கள். சித்த மருந்துக் கடையில் நீர்க்கோவை மாத்திரை வாங்கி உரசிப் பற்றுப் போடுவார்கள். மேலைநாட்டுப் பாடப் புத்தகங்களின் தூண்டுகாரணிப் பட்டியலில் சாக்லேட் இருக்கும், சீஸ் இருக்கும், ஒயின் இருக்கும், தலைக்குளியல் இருக்காது. மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் தன்னிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்ப இதைச் சொல்வதைக் குறித்துக்கொண்டு, 94 இந்திய நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் சர்வதேச இதழில் வெளியிட்டார். தலைக்குளியலும் மைக்ரேனைத் தூண்டும் என்பது அப்படித்தான் மருத்துவ இலக்கியத்துக்குள் போனது. ரவிசங்கர் புதிதாகக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கர்நாடகத்தில் வீடு வீடாக நடத்தி 2015இல் வெளியான கணக்கெடுப்பில், 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களில் ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 விழுக்காடு. பெண்களுக்கு அதிகம். நால்வரில் ஒருவருக்கு என்றால், நம் ஒவ்வொரு வீட்டிலும் இருட்டு மூலையில் யாரோ படுத்திருந்திருக்கிறார்கள்.

சரியாகக் கேட்பதால் நடைமுறைப் பலனும் இருக்கிறது. பக்கவாதம் பெரும்பாலும் சட்டென்று வரும், இருப்பதைப் பறிக்கும்: பார்வை போகும், கை விழும். ஆரா மெதுவாகப் படரும், மின்னும், ஒன்று முடிந்து இன்னொன்று வரும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். ஆனால் முதல்முறை வருகிறதென்றால், சட்டென்று வந்ததென்றால், ஒரு மணி நேரம் தாண்டியும் போகவில்லையென்றால், வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கெல்லாம் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இன்னொன்று, ஆரா உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால் உலகச் சுகாதார நிறுவனம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. மாத்திரை கேட்டு வரும் பெண்ணிடம் “தலைவலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாச்சும் மின்னுமா?” என்று ஒரு கேள்வி கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அலையை முதலில் கிளப்பிவிடுவது எது என்பது இன்னும் திறந்த கேள்வி. ஒரே வெயில், ஒரே பசி, ஒருநாள் வருகிறது, மறுநாள் வருவதில்லை. ஆரா வந்தும் வலி வராதவர்கள் இருக்கிறார்கள். வலி உள்ள பெரும்பாலோருக்கு ஆரா வருவதே இல்லை. அவர்களுக்குள் அந்த அலை பார்வைக்குத் தெரியாத இடத்தில் ஓடுகிறதா, ஓடவே இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷம் அக்கா மகளுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு. “மாமா, போர்டுல பாதி எழுத்தக் காணோம்” என்று போனில் சொன்னாள். வரையச் சொன்னேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நேரம் போட்டு ஐந்து படங்கள் வரைந்து அனுப்பினாள், புள்ளியிலிருந்து பிறை வரை. அக்கா அந்த நோட்டோடுதான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு அவளிடம் இரண்டு கேள்வி கேட்டாராம்: ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தியா, எவ்வளவு நேரம் இருந்துச்சு. இரண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது. வகுப்பில் அது வந்தால் எழுந்து போய்ப் படுத்துக்கொள்ள டீச்சர் இப்போது அனுமதிக்கிறார். அப்பத்தாவிடம் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “பல்லு இன்னும் கொஞ்சம் கூரா இருக்கும்” என்றது.